இந்த கோல் யார் கணக்கில்?

2016 செப்டம்பர் 17, சனிக்கிழமை. டொராண்டோ ஏர் கனடா சென்டரில், இன்னும் நாலு படி ஏறினால் கூரையைத் தொட்டுவிடலாம் என்கிற உயரத்தில் எங்களுக்கு இடம். நான், எட்டு வயது மகன், என்னோடு வேலை பார்த்த ஸ்லோவாக்கியாக்காரர் ஒருவர். உலகக் கோப்பை ஐஸ் ஹாக்கியின் முதல் ஆட்டம். இதற்கு முந்தைய உலகக் கோப்பை நடந்தது 2004இல். பன்னிரண்டு வருஷப் பசி. நண்பர் அவர் நாட்டு ஜெர்சியை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நெஞ்சில் இரட்டைச் சிலுவை, முதுகில் அவர் நாட்டு நட்சத்திர வீரர் ஹோசாவின் பெயர்.

ஒரே ஒரு சிக்கல்தான். அந்தப் போட்டியில் ஸ்லோவாக்கியா என்று ஓர் அணியே கிடையாது.

ஒரு பக்கம் அமெரிக்கா. மறுபக்கம் ‘டீம் ஐரோப்பா’. அமெரிக்காவின் தேசிய கீதத்துக்கு எல்லோரும் எழுந்து நின்றோம். முடிந்ததும் அரங்கம் மொத்தமும் உட்கார்ந்தது. இவர் மட்டும் ஒரு நொடி கூடுதலாக நின்றார், பழக்கதோஷம். ஐரோப்பா அணிக்கென்று கீதம் எதுவும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது போல. பொறுமையாக உட்கார்ந்து பாப்கார்னைக் கையில் எடுத்துக்கொண்டார். கீதம் இல்லாத அந்த அணியின் ஜெர்சியிலும் ஒரு மென்பொருள் கம்பெனியின் விளம்பரம் மட்டும் மறக்காமல் ஒட்டப்பட்டிருந்தது.

“அப்பா, இவங்க எந்த ஊரு?” என்று மகன் கேட்டான். நான் எண்ண ஆரம்பித்தேன். ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, நார்வே, டென்மார்க், பிரான்ஸ். எட்டு நாடு. “அப்போ ஸ்வீடன்?” அது தனி டீம். “பின்லாந்து?” அதுவும் தனி. “அவங்க ஐரோப்பா இல்லையா?” பக்கத்தில் இருந்த நண்பர் சிரித்துவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. நாட்டுப் பெயர்களை மட்டும் வைத்தே பையன் என்ன கேட்கிறான் என்று புரிந்திருக்கிறது.

இந்தப் போட்டியை நடத்தியது வட அமெரிக்காவின் தொழில்முறை ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லும் அதன் வீரர்கள் சங்கமும். மொத்தம் எட்டு அணி வேண்டும். கனடா, அமெரிக்கா, ரஷ்யா, ஸ்வீடன், பின்லாந்து, செக் என்று ஆறு சேர்ந்துவிட்டது. மீதி இரண்டு இடத்துக்கு வழக்கம்போல இன்னும் இரண்டு நாடுகளைக் கூப்பிடலாம், அல்லது தகுதிச் சுற்று வைக்கலாம். சின்ன நாடு ஏதாவது வந்து ஏழு, எட்டு கோல் வாங்கிக்கொண்டு போனால் டிக்கெட் விற்காது, டிவியில் எடுபடாது என்கிற கணக்கு. அதனால் 2015 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டார்கள்: மற்ற ஐரோப்பிய நாடுகளின் வீரர்களை ஒன்றாகச் சேர்த்து ஓர் அணி. கனடா, அமெரிக்கா இரண்டிலும் 23 வயதுக்கு மேற்படாதவர்களைச் சேர்த்து ‘டீம் வட அமெரிக்கா’ என்று இன்னோர் அணி.

விருந்து முடிந்த மறுநாள் எங்கள் வீட்டில் மீந்துபோன சாம்பார், கூட்டு, வத்தக்குழம்பு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டி அம்மா சுண்ட வைப்பார். சுண்டக்கறி. ருசியில் குறை சொல்லவே முடியாது, நேற்றைய விருந்தைவிட நன்றாக இருக்கும். என் எரிச்சலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்த இரண்டு அணிகளும் மோசமாக விளையாடியிருந்தால், “சொன்னோமே” என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம்.

சின்ன நாடு வந்தால் அடி வாங்கும் என்கிற பேச்சுக்கு முதலில் ஒரு பதில். 1996 உலகக் கோப்பையில் ஜெர்மனி தன் பெயரிலேயே ஆடியது. கார்மிஷ் பார்ட்டன்கிர்ஹன் என்கிற மலையூரில் செக் அணியை 7-1 என்று உரித்து அனுப்பியது. ஸ்லோவாக்கியாவோ 1996, 2004 இரண்டிலும் ஆடிய நாடு; 2002இல் ரஷ்யாவை 4-3 என்று வென்று உலக சாம்பியனே ஆன நாடு. சுவிட்சர்லாந்து 2013 உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வாங்கியது. இவர்களைப் போய் ‘இதர’ என்கிற பத்தியில் எழுதினால் யாருக்குத்தான் வலிக்காது?

ஆட்டத்துக்கு வருகிறேன். ஐரோப்பா அமெரிக்காவை 3-0 என்று வீழ்த்தியது. முதல் கோல் ஸ்லோவாக்கியாவின் காபோரிக், இரண்டாவது ஜெர்மனியின் டிரைசைட்ல், மூன்றாவது பிரான்ஸின் பெல்மார். மூன்று கோல், மூன்று நாடு. வலையைக் காத்தவர் ஹலாக், அவரும் ஸ்லோவாக்கியர். காபோரிக் அடித்தபோது நண்பர் துள்ளி எழுந்ததில் பாப்கார்ன் முன்வரிசைக்காரர் தலையில் விழுந்தது. காபோரிக்கும் இவரும் ட்ரென்சீன் என்கிற ஒரே ஊர். பாறை மேல் கோட்டை நிற்கும் சின்ன ஊர். மற்ற இரண்டு கோலுக்குக் கை தட்டினார். மரியாதைக்குத் தட்டும் தட்டு, கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் நாம் தட்டுவோமே, அந்த மாதிரி.

கேப்டன் அன்ஸே கோப்பிடார், ஸ்லோவேனியா. இரண்டு வருஷம் முன்னால் சோச்சி ஒலிம்பிக்கில் ஸ்லோவேனியா ஸ்லோவாக்கியாவை 3-1 என்று தோற்கடித்தது. அன்று ஸ்லோவேனியாவின் பயிற்சியாளர் வேறு யாருமில்லை, கோப்பிடாரின் அப்பாவேதான். இருபது லட்சம் பேர் மட்டுமே உள்ள நாடு, அப்பா பயிற்சியாளர், மகன் நட்சத்திரம், எதிரே ஸ்லோவாக்கியாவின் சாராவும் ஹோசாவும். ஊரே பேரன் பேத்திக்குச் சொல்லும் கதை. அதே கோப்பிடாருக்குக் கீழே இப்போது சாராவும் ஹோசாவும் ஒரே நிற ஜெர்சியில். “சோச்சியில் நான் திட்டாத திட்டு இல்லை. இப்போது இவன் எனக்குக் கேப்டன். திட்டியதை எல்லாம் எந்த விலாசத்துக்குப் போய்த் திருப்பி வாங்குவது?” என்றார் நண்பர்.

பயிற்சியாளர் ரால்ஃப் க்ரூகரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ஜெர்மானியப் பெற்றோருக்குக் கனடாவின் வின்னிபெக்கில் பிறந்தவர், பல வருஷம் சுவிட்சர்லாந்து அணிக்குப் பயிற்சி கொடுத்தவர், அந்தச் சமயத்தில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் கால்பந்து கிளப்புக்குத் தலைவர். கலவை அணிக்குக் கலவை ஆசாமி. இதில் மட்டும் என்ஹெச்எல் பொருத்தம் பார்த்துத்தான் செய்திருக்கிறது.

எனக்கு இந்த விஷயத்தில் பழைய காயம் ஒன்று உண்டு. 2007 ஜூன் 10, சேப்பாக்கம். ஆசியா லெவனுக்கும் ஆப்பிரிக்கா லெவனுக்கும் மூன்றாவது ஒருநாள் ஆட்டம். கான்கிரீட் படியில் கை வைத்தால் சுடும் வெயில். தோனி ஏழாவதாக இறங்கி ஆட்டமிழக்காமல் 139 அடித்தார். மறுமுனையில் இலங்கையின் ஜெயவர்த்தனே 107. இருவரும் ஆறாவது விக்கெட்டுக்குச் சேர்த்தது 218. தோனி சேப்பாக்கத்தில் சதம் அடிப்பதை நேரில் பார்த்தவன் நான். ஆனால் அதைச் சொல்லி யாரிடமும் பெருமை பட்டுக்கொள்ள முடிந்ததில்லை. “எந்த மேட்ச்?” என்பார்கள். சொன்னால், “ஓ, அதுவா” என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், தோனி சிக்ஸர் அடித்துக்கொண்டிருக்கும்போதே என்னிடம் கேட்டார்: “தம்பி, இதெல்லாம் இந்தியா கணக்குல சேருமா?”

அவர் கேள்விக்கு விடை பதினொரு வருஷம் கழித்துக் கிடைத்தது. 2018 ஜூலையில் லார்ட்ஸில் தோனி ஒருநாள் ஆட்டங்களில் பத்தாயிரம் ரன்னைக் கடந்தார். 2019 ஜனவரியில் சிட்னியில் மறுபடியும் பத்தாயிரத்தைக் கடந்தார், இந்த முறை இந்தியாவுக்காக. நடுவில் இடித்தது ஆசியா லெவனுக்கு அடித்த 174 ரன். ஐசிசி புத்தகத்தில் உண்டு, இந்தியா கணக்கில் இல்லை.

டொராண்டோவில் பாப்கார்ன் சிதறிய அந்த மதியம் எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பெரியவரின் கேள்விதான்.

சரி, டீம் வட அமெரிக்கா. இதைப் பற்றி எழுதும்போது நான் நேர்மையாக இருக்க வேண்டும். என் ஜென்மத்தில் அப்படி ஓர் அணி ஐஸில் ஓடிப் பார்த்ததில்லை. கேப்டன் கானர் மெக்டேவிட், வயது 19, டொராண்டோவுக்கு வடக்கே நியூமார்க்கெட் பையன். கூடவே ஆஸ்டன் மேத்யூஸ், அவருக்கும் 19. அந்த வருஷம்தான் என்ஹெச்எல் அணியான டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் புதுமுகத் தேர்வில் முதல் ஆளாக எடுத்திருந்தது, இன்னும் ஒரு என்ஹெச்எல் ஆட்டம்கூட ஆடவில்லை. ஐக்கல், குட்ரோ, மெக்கினன். ஸ்வீடனுக்கு எதிரான ஆட்டத்தை ரெக்கார்டு செய்து வைத்து, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மகனோடு பார்த்தேன். முடிவு தெரிந்துவிடக் கூடாது என்று அன்று முழுக்க அவன் என் போனைப் பிடுங்கி வைத்திருந்தான். முதல் நிமிடம் முடிவதற்குள் மேத்யூஸ் கோல். கடைசியில் 3-3. ஓவர்டைமில் கோல்கீப்பரைத் தவிர பக்கத்துக்கு மூன்று பேர்தான். அத்தனை பெரிய தளத்தில் ஆறு பேர் ஓடினால் எப்படி இருக்கும்? காலி மைதானத்தில் சைக்கிள் விடும் பையன்கள் மாதிரி. பக் என்கிற ரப்பர் வட்டு இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகப் பறக்கிறது, இங்கே ஒருத்தர் தனியாக மாட்டுகிறார், அங்கே ஒருத்தர் தனியாக மாட்டுகிறார். கடைசியில் மெக்கினன். ஸ்வீடனின் லுண்ட்க்விஸ்ட் மாதிரி ஒரு கோல்கீப்பரின் முன்னால் அவசரமே இல்லாமல் பக்கை இப்படியும் அப்படியும் இழுத்து, அவரைக் கீழே படுக்க வைத்துவிட்டு, மேலே தூக்கிப் போட்டார். மகன் சோபா மேல் ஏறிக் குதித்தான். நானும் கத்தினேன். கத்தி முடித்ததும், யாருக்காகக் கத்தினேன் என்று ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்த நாள் ரஷ்யா பின்லாந்தை 3-0 என்று வென்றது. ரஷ்யாவும் வட அமெரிக்காவும் சமப் புள்ளி. நேருக்கு நேர் ஆட்டத்தில் ரஷ்யா 4-3 என்று ஜெயித்திருந்ததால் இந்தப் பையன்கள் வெளியே. எந்த நாட்டிலும் எந்த வீதியிலும் யாரும் தலையில் கை வைத்துக்கொள்ளவில்லை. மகன் ஒருவன்தான் அன்று இரவு சாப்பிட மாட்டேன் என்றான். அவனுக்கு இந்தக் கலவைப் பிரச்சனையே இல்லை. வீடியோ கேமில் தினமும் அவனே இப்படித்தான் அணி கட்டுகிறான். பிடித்த ஆளை எல்லாம் இழுத்து ஒரே ஜெர்சியில் போட்டுவிடுவான். நான் சொன்ன தேசம், கீதம், கணக்கு எல்லாம் அவன் காதில் ஏறவே இல்லை. அவன் பக்கமும் நியாயம் இருக்கலாம் என்று அன்று ஒரு பத்து நிமிடம் தோன்றியது.

ஆனால் அமெரிக்க ரசிகர்களைக் கேட்டால் அந்தப் பத்து நிமிடமும் தாங்காது. வயது விதி கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் மட்டும்தான். பின்லாந்துக்கு 18 வயது பாட்ரிக் லைனே தாராளமாக ஆடினார். அமெரிக்காவோ மேத்யூஸ், ஐக்கல், குட்ரோ, லார்கின், சேத் ஜோன்ஸ் என்று சொந்தப் பிள்ளைகளை எல்லாம் பக்கத்து வீட்டுக்குத் தத்துக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்தவர்களோடு வந்து நின்றது. மூன்று ஆட்டம், மூன்று தோல்வி, மொத்தமே ஐந்து கோல். ஆள் தேர்வும் சரியில்லை, விளையாடிய முறையும் பழைய பாணி. அதையெல்லாம் விதியின் தலையில் கட்ட முடியாது. இருந்தாலும் ஓர் உலகக் கோப்பை, ஒரு நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களை அந்த நாட்டுக்கு ஆடக் கூடாது என்று தடுத்தது. கனடாவுக்கு ஆள் பஞ்சம் இல்லை, மெக்டேவிட் இல்லாமலே கோப்பையைத் தூக்கியது.

ஐரோப்பாதான் யாரும் எதிர்பாராத கதை. போட்டிக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் வட அமெரிக்கப் பையன்களிடம் 4-0, 7-4 என்று வாங்கிக் கட்டிக்கொண்ட கிழட்டு அணி. சாராவுக்கு 39 வயது. அது அரையிறுதியில் ஸ்வீடனை ஓவர்டைமில் 3-2 என்று கவிழ்த்தது. வெற்றி கோல் அடித்த தாதரும் ஸ்லோவாக்கியர். இறுதிச் சுற்றில் கனடா. மூன்று ஆட்டத்தில் இரண்டை வெல்பவருக்குக் கோப்பை. முதல் ஆட்டம் கனடாவுக்கு, 3-1.

இரண்டாவது ஆட்டம் செப்டம்பர் 29. ஆபீஸ் பக்கத்தில் ஒரு பாரில் நண்பரோடு உட்கார்ந்து பார்த்தேன். ஆரம்பத்திலேயே சாரா அடித்தார். “சாரா! ட்ரென்சீன்!” என்று நண்பர் கத்தினார், பார் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த இரண்டு வாரத்தில் அவர் வாயிலிருந்து ‘ஐரோப்பா’ என்கிற வார்த்தை ஒரு முறைகூட கூச்சலாக வரவில்லை. சாரா வந்தது, ஹலாக் வந்தது, ஊர்ப் பெயர் வந்தது. கடைசி மூன்று நிமிடம் வரை 1-0. அப்புறம் கனடாவின் பெர்ஜரான் சமன் செய்தார். 43 நொடி மீதி இருக்கும்போது, கனடா ஓர் ஆள் குறைவாக ஆடிக்கொண்டிருந்த நிலையில், மார்ஷாண்ட் அடித்தார். 2-1. கோப்பை கனடாவுக்கு.

நான் கனடாவுக்காகக் குதித்துவிட்டு, சங்கடத்தோடு அவரைப் பார்த்தேன். மீதி பீரைக் குடித்தார். கோட்டை மாட்டினார். “சரி, போகலாம். காலையில் மீட்டிங் இருக்கிறது.”

இதே மனிதர் 2010 வான்கூவர் ஒலிம்பிக் அரையிறுதியைப் பற்றி என்னிடம் மூன்று முறை பேச ஆரம்பித்து மூன்று முறையும் பாதியில் நிறுத்தியிருக்கிறார். அதுவும் கனடாவோடுதான். 3-0 என்று பின்தங்கியிருந்த ஸ்லோவாக்கியா 3-2 வரை வந்தது. கடைசி சில நொடிகளில் டெமித்ரா அடித்ததைக் கனடாவின் கோல்கீப்பர் லுவாங்கோ கையுறை நுனியால் தடுத்தார். அடுத்த நாள் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் 3-1 என்று முன்னால் இருந்துவிட்டு பின்லாந்திடம் 5-3 என்று தோற்றார்கள். மறு வருஷம் ரஷ்யாவின் யாரோஸ்லாவ்ல் நகரில் நடந்த விமான விபத்தில் டெமித்ரா இறந்துபோனார். அந்தத் தடுக்கப்பட்ட ஷாட் இவருக்குள் இன்னும் காற்றில்தான் இருக்கிறது. அந்தத் தோல்வியை ஆறு வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தவர், உலகக் கோப்பை இறுதியில் 43 நொடியில் பறிபோனதை பில் வருவதற்குள் மறந்துவிட்டார்.

ஜெர்மானியர்கள் கதை இதைவிட வேடிக்கை. ஐரோப்பா ஜெர்சியோடு உலகக் கோப்பையில் இறங்குவதற்கு இரண்டு வாரம் முன்னால், 2016 செப்டம்பர் தொடக்கத்தில், டிரைசைட்ல் ரீகாவில் ஜெர்மனிக்காக ஒலிம்பிக் தகுதிச் சுற்று ஆடினார். லாட்வியாவை வென்று ஜெர்மனி 2018க்குத் தகுதி பெற்றது. பிறகு என்ஹெச்எல் தன் வீரர்களை அந்த ஒலிம்பிக்குக்கு அனுப்ப மறுத்துவிட்டது. டிரைசைட்ல் இல்லாத ஜெர்மனி, யாருக்கும் பெயர் தெரியாத ஆட்களை வைத்துக்கொண்டு, பியோங்சாங்கில் இறுதி ஆட்டம் வரை போனது. தங்கத்துக்கு 56 நொடி மிச்சம் இருக்கும்போது ரஷ்யர்கள் சமன் செய்து, ஓவர்டைமில் பறித்தார்கள். வெள்ளி. சின்ன நாடு வந்தால் போட்டி சுவைக்காது என்றவர்கள் அந்த ஆட்டத்தை எந்த முகத்தோடு பார்த்தார்களோ.

2020இல் நடக்க வேண்டிய அடுத்த உலகக் கோப்பையைக் கைவிட்டார்கள். கலவை அணிகளும் அதோடு போயின. 2025 பிப்ரவரியில் புதிதாக ஒன்று வந்தது: நான்கு நாடுகள் போட்டி. கனடா, அமெரிக்கா, ஸ்வீடன், பின்லாந்து. கலவை இல்லை, வயது விதி இல்லை. மாண்ட்ரியலில் அமெரிக்க கீதத்துக்குக் கூட்டம் ஊளையிட்டது, ஆட்டம் தொடங்கி ஒன்பது நொடியில் மூன்று சண்டை. இறுதி ஆட்டம் பாஸ்டனில், ஓவர்டைம். மெக்டேவிட் அடித்தார், கனடா 3-2. அந்த கோலை வாங்கிய அமெரிக்க கோல்கீப்பர் ஹெலபக். எதிரணிக் கேப்டன் மேத்யூஸ். தொடரின் சிறந்த வீரர் மெக்கினன். பதினாறு முடிந்துவிட்ட மகன் திரையையே பார்த்துக்கொண்டு, “அப்பா, இவங்க எல்லாம் ஒரே டீம்ல இருந்தாங்க இல்ல?” என்றான். எட்டு வயதில் சாப்பிடாமல் படுத்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம்.

எனக்கு அன்று இரவு முழுத் திருப்தி. கேட்டது கிடைத்துவிட்டது, நாடு நாடாக நின்று அடித்துக்கொண்டார்கள். நண்பருக்கு ஒரு செய்தி அனுப்பினேன், “பார்த்தீர்களா?” என்று. பதிலுக்கு அவர் ஹாக்கியைப் பற்றிப் பாராட்டாக எதுவும் சொல்லவில்லை. மாண்ட்ரியல் ஆட்டங்கள் நடந்த பெல் சென்டர் ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் சொந்தத் தளம். 2022 பெய்ஜிங்கில் ஸ்லோவாக்கியாவுக்கு முதல் ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம் வாங்கித் தந்த பையன், ஆடுவது மாண்ட்ரியலுக்குத்தான். பாஸ்டன் அரங்கம் பாஸ்டர்னாக்கின் சொந்தத் தளம். அவருடைய செக் நாடு அப்போது நடப்பு உலக சாம்பியன். இரண்டு பேருக்கும் அவரவர் வீட்டிலேயே அழைப்பு இல்லை. இதை எழுதிவிட்டுக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: “2016இல் மிச்சம் என்றாவது எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள்.”

கூடவே ஒரு படம். அந்த வாரம் டொராண்டோவில் கொட்டித் தீர்த்த பனி, வாசலில் இடுப்பளவு குவிந்திருக்கிறது. கையில் மண்வாரி. கோட்டுக்கு மேலே இழுத்து மாட்டிய நீல ஜெர்சி, டீம் ஐரோப்பா. போட்டி முடிந்த அடுத்த மாதம் ஒரு கடையின் தள்ளுபடிக் கூடையில் அதை எடுத்தவர் அவர், நான் கூடத்தான் இருந்தேன். முதுகில் பெயர் எதுவும் அச்சடிக்கவில்லை. பனி அள்ளும்போது மட்டும் போட்டுக்கொள்வாராம், அழுக்கானால் கவலை இல்லை என்பதால்.